வான் எத்தனை அங்குலம்

எங்கள் பக்கம் வான் என்றால் இரண்டு.
ஒன்று வவுனிக்குளக் கட்டின் கோடியில்
மிகைநீர் வழியும் கொங்கிறீட்டுப் படி.
அதை நாளுக்கு இருதடவை அளந்து
நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு எழுதுவது என் வேலை.
மற்றதை அளக்கச் சொல்லி
கார்த்திகையில் ஒரு கடிதம் வந்தது.

கலாநிதி ஹெலேனா மிகவும் மரியாதையாக எழுதியிருந்தா.
அவுஸ்திரேலியாவில் விடிந்த பின்,
ஆபிரிக்காவில் வால்வெள்ளி எழ முன்,
சில மணிநேரம் அது
எவருடைய தொலைநோக்கியிலும் இல்லை.
எண்பது பாகைக் கிழக்கில்
இருட்டான இடம் ஏதும் தெரியுமா?

இருட்டு எங்களிடம் நிறைய உண்டு என்று எழுதினேன்.
பிறகு அதை அழித்துவிட்டு
மின்கம்பம் நடாத நிலம்
ஏறத்தாழ எத்தனை ஏக்கர் என்று எழுதினேன்.

ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.
தை மாதம். கதிர் முற்றிய வயல். யானைக் காவல்.
விடியப்புறம் நாலு மணிக்கு முழித்திருப்பவர்கள்
ஏற்கனவே பரண்களில் இருந்தார்கள்.
மல்லாவியில் கல்யாணப் படம் எடுக்கிற நிரோஜன்
கமராவும் முக்காலியுமாய் வந்தான்.
மருத்துவமாது டிலக்சனா
ஒரு பிரசவம் முடிந்த கையோடு வந்தாள்.
நாயாற்றிலிருந்து யேசுதாசன் போனில் கேட்டார்:
"போட் ஆடும், பரவாயில்லையோ?"
ஆடுவதையும் எழுதுங்கள் என்றேன்.

பாடம் சுருக்கம்.
கையை நீட்டு. முட்டியைப் பொத்து. பத்துப் பாகை.
வால் எத்தனை முட்டி?
ஒரு முழம் என்று மட்டும் எழுதாதே,
யாருடைய முழம் என்று அங்கே கேட்பார்கள்.

"என்ர முட்டி உங்கட கணக்குக்கு வராது தங்கச்சி,"
என்றார் வேலும்மயிலும் அண்ணை.
வலக்கையில் இரண்டு விரல் இல்லை.
இடக்கை யானைவெடிக்கு வேண்டும்.
தெற்கே சிலுவை நிமிர்ந்து நின்றது.
தலையிலிருந்து கால்வரை ஆறு பாகை,
எந்த நாட்டில் நின்று பார்த்தாலும் ஆறு.
கையை நீட்டச் சொன்னேன்.
சிலுவை முழுதாய் மறைந்தது,
ஒரு மயிரிழை மிஞ்சவில்லை.
படிவத்தில் 'கருவி' என்ற இடத்தில் எழுதினேன்:
கை. ஆறு பாகை.

முதல்நாள் பனி.
இரண்டாம்நாளும் பனி; நுளம்புக்கடி வேறு.
மூன்றாம்நாள் நாலு இருபத்தைந்துக்கு
மருதமரத்துக்கு மேலே
ஊதி அணைத்த விளக்கின் புகைபோல
அது நின்றது.
உலக நேரத்தில் அப்போது இன்னும் நேற்று.

கட்டில் குந்தியிருந்து
போனில் வந்ததையெல்லாம் எழுதினேன்.
4.31 நிரோஜன்: வாலின் நடுவில் ஒரு முடிச்சு.
4.38 டிலக்சனா: முடிச்சுக்குக் கீழே மெலிகிறது.
4.40 யேசுதாசன்: ஆடுது, ஆனால் தெரியுது.
4.43 கிழக்குப் பக்கம் முழுக்க வெள்ளை வெளிச்சம்,
சத்தம் பிறகு.
நிரோஜனின் ஒரு படம் போயிற்று.
எழுதினேன்: யானை.
4.52 வேலும்மயிலும், மூச்சிரைக்க:
"மூண்டு முட்டியில வால் கழண்டு போச்சு."

பன்னிரண்டு நாளில் பதில் வந்தது.
அவர்களுடைய அட்டவணையில் ஒரு வெற்றிடம் இருந்ததாம்,
இப்போது இல்லையாம்.
கழன்ற நேரம் எங்களுடையது, கருவி கை உட்பட.
ஒரே ஒரு சந்தேகம்:
23.13இல் 'யானை' என்று இருக்கிறதே,
எழுத்துப் பிழையா?
பிழையில்லை என்று பதில் போட்டேன்.

கடிதத்தைப் பரணடியில் வைத்து வாசித்தேன்.
"கழண்ட வால் திரும்ப வருமோ?"
வரும் எண்டு எழுதியிருக்கிறா அண்ணை,
சூரியனுக்குக் கிட்ட நிக்கும்வரை
முளைச்சுக்கொண்டே இருக்குமாம்.
"அப்ப பல்லி மாதிரி," என்றார்
சாரத்தை இறுக்கிக் கட்டியபடி.
பிறகு, "அந்தக் கொம்பன் இண்டைக்கும் வரும்,"
என்றுவிட்டு வெடியை எண்ணத் தொடங்கினார்.

காலை ஆறுமணி வாசிப்பு:
வான், முக்கால் அங்குலம்.
குறைகிறது.